பயத்தில் உறுமும் நாயின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

சேலத்துத் தெருவிலிருந்தோ ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்தோ ஒரு நாயை மீட்டு வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறீர்கள். வந்ததும் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சோற்றைக் கிட்டே கொண்டுபோனால் உறுமுகிறது. கையை நீட்டினால் பல்லைக் காட்டுகிறது. பக்கத்து வீட்டில், "இது கடி நாய்ங்க, எடுத்த இடத்துலயே விட்டுட்டு வந்துருங்க" என்கிறார்கள். விட்டுவிடாதீர்கள். இப்படிப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை மாறும். நாளாகும், ஆனால் மாறும்.

பயந்த நாய்க்கு முதலில் வேண்டியது தூரம். உறுமுவதும் பல்லைக் காட்டுவதும் கடிப்பதும் எதிரில் இருப்பவரைத் தள்ளிப்போக வைக்கத்தான். அந்தத் தூரத்தை அது கேட்பதற்கு முன்பே நாம் கொடுத்துவிட்டால், பல்லைக் காட்டி வாங்கவேண்டிய தேவை அதற்கு இருக்காது. கீழே நான் சொல்லும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

"இதை யாரோ ரொம்ப அடிச்சிருக்காங்க பாவம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அடியே வாங்காத நாயும் இப்படி நடுங்கும். குட்டிக்கு ஏறக்குறைய 3 வாரம் முதல் 14 வாரம் வரை, பார்ப்பதையெல்லாம் "இது உலகத்தில் சகஜம்" என்று மனதில் பதியவைக்கும் பருவம். காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் பிறந்து, இரண்டு மூன்று முகங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த குட்டிக்கு மின்விசிறி, மிக்சி, ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாமே பூதம்தான். அதனால் "யார் அடித்திருப்பார்கள்" என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இன்று எதைக் கண்டு ஒடுங்குகிறது என்று பாருங்கள்.

தொடங்கும் முன்: ஊசியும் வலியும்

வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. ஆகவே நாய்க்குத் தடுப்பூசி போடுவது முதல் வேலை. அதை நீங்களே கையாளப் போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடமும் கேளுங்கள்.

பல் பட்டுவிட்டால், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சேலத்துக்காரர்களுக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ரத்தம் வந்த காயமென்றால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே காக்கும் எதிர்ப்பு மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடவேண்டும். ஒரு ஊசியைக்கூட விடாதீர்கள்.

புதிதாக வந்த நாய் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகி, குரல் மாறி, தள்ளாடி, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறது என்றால் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு, கிட்டே போகாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது வலி. காதில் சீழ், சொத்தைப் பல், இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல், இவற்றில் ஏதாவது இருந்தால் எவ்வளவு சாதுவான நாயும் தொட்டால் சீறும். வலியைத் தீர்க்காமல் பழக்க முடியாது. மனிதர்களுக்கான பாராசிட்டமாலோ இபுபுரூஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை நஞ்சு.

படி 1: அதற்கென்று ஒரு மூலை

வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் பழைய போர்வை, தண்ணீர், மேலே மூடாப்பு. அவ்வளவு போதும். அங்கே இருக்கும்போது அதை யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. வீட்டில் எல்லோரும் இந்த ஒரு சட்டத்தை மதித்தாலே பாதி உறுமல் அடங்கும்.

அம்மாபேட்டை, குகை பக்கம் தறிச்சத்தம் கேட்கும் தெருவில் வீடு இருந்தால், தறியை ஒட்டிய சுவர்ப் பக்கம் படுக்கை போடாதீர்கள். நமக்குக் காது பழகிவிட்டது. மலையிலிருந்து இறங்கி வந்த நாய்க்குப் பழகவில்லை. ஏற்காட்டில் இருப்பவர்கள் தரை ஈரம் ஏறாமல் கீழே சாக்கு போட்டு, மேலே கம்பளி விரியுங்கள்.

சங்கிலியில் கட்டாதீர்கள். பயந்த உயிருக்கு முதல் வழி ஓட்டம். அதை அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது கடி மட்டும்தான். வாசலில் கட்டிவைத்த நாய் போகிற வருகிறவர்கள் மேல் பாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சங்கிலிக்குப் பதிலாக, வாசலில் குறுக்குக் கதவு போட்ட ஒரு அறை நல்லது.

படி 2: உறுமலுக்கு முன்னால் வருவதைப் பாருங்கள்

உறுமல் கடைசிக்கு முந்தைய எச்சரிக்கை. அதற்கு முன்பே நாய் பலமுறை சொல்லியிருக்கும். முகத்தைத் திருப்பும். சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். வால் கால்களுக்கு நடுவே போகும். தலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால், வெள்ளை விழி தெரியப் பார்க்கும். இவற்றில் எனக்கு மிகவும் பயம் தருவது, எல்லா அசைவும் நின்று உடம்பு விறைத்துப் போவது. அடுத்த நொடி கடி விழலாம். இவற்றில் எதைக் கண்டாலும் நின்று, பக்கவாட்டில் திரும்பி, மெதுவாக விலகுங்கள்.

உறுமியதற்காக ஒருபோதும் அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. பிறகு அந்த நாய் எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிக்கும்.

"நாமதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும்" என்ற பேச்சு இன்னும் ஊரில் உண்டு. 1947-இல் ரூடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த எண்ணம் அது. காட்டில் ஓநாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டேவிட் மீச், ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் விளக்கி எழுதினார். 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர் அது பதிலுக்குச் சீறியது என்றார்கள். வெறுமனே முறைத்துப் பார்த்ததற்கே 30 சதவீதம். இனி யாராவது குச்சியை எடுக்கச் சொன்னால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

படி 3: ஒன்றும் செய்யாமல் இருப்பது

முதல் சில நாட்கள், சில நாய்களுக்குச் சில வாரங்கள், உங்கள் வேலை இதுதான். சாப்பாடு தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நின்று பார்க்க வேண்டாம். அறைக்குள் போகும்போது ஒவ்வொரு முறையும் ஒரே சொல் சொல்லிக்கொண்டே போங்கள், "வர்றேன் கண்ணு" என்றாலும் போதும். அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டால் பயம் பாதி இறங்கும்.

சாயங்காலம் அறையின் மறுகோடியில், நாய்க்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், பூக்கட்டுங்கள், போன் பேசுங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள். கதவுக்கும் நாய்க்கும் நடுவில் மட்டும் உட்காராதீர்கள், அது வழி மறிப்பது.

படி 4: கறித்துண்டு நாய்க்குப் பின்னால் விழவேண்டும்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இது. தொடங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வதும் இதைத்தான்.

கையில் கறியை வைத்துக்கொண்டு "வா, வா" என்று நீட்டுவோம். பசியில் நாய் கழுத்தை நீட்டி, பின்னங்காலைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு வரும். கறியை வாயில் கவ்வும். கறி தீர்ந்த அந்த நொடியில்தான் ஒரு மனிதக் கைக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்பது அதற்கு உறைக்கும். பயந்து கையைக் கடித்துவிட்டு ஓடும். "சோறு போட்ட கையையே கடிச்சிடுச்சு" என்ற புகார்களில் பல இப்படிப் பிறந்தவை. நாயின் வயிறு முன்னால் இழுத்தது, மனம் பின்னால் இழுத்தது. அந்த நிலைக்கு அதைத் தள்ளியது நாம்.

சரியான முறை இது. உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்த கோழிக்கறியைக் கொண்டைக்கடலை அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். முட்டையும் ஆகும். குழம்பிலிருந்து எடுத்த கறி வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பும் கூடாது, கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நாய் சாதாரணமாக இருக்கும் தூரத்தில் உட்காருங்கள். அது பத்தடி என்றால் பத்தடி. ஒரு துண்டை நாய்க்குப் பின்னால் விழும்படி வீசுங்கள். கையை ஓங்காமல், தரையோடு உருட்டிவிடுவது போல. நாய் திரும்பிப் போய்த் தின்னும். அதற்குக் கறியும் கிடைத்தது, உங்களிடமிருந்து விலகிப்போகும் நிம்மதியும் கிடைத்தது. தின்றுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். சில சமயம் ஓரடி முன்னால் வரும். அப்போது மறுபடியும் பின்னாலேயே வீசுங்கள். முன்னால் வந்ததற்காகக் கையில் கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். எவ்வளவு கிட்டே வருவது என்பதை நாய் மட்டுமே முடிவு செய்யட்டும். கொஞ்ச நேரம் போதும், ஒரு பிடித் துண்டு தீர்வதற்குள் எழுந்துவிடுங்கள். எழுவதும் மெதுவாக இருக்கட்டும், உட்கார்ந்த ஆள் நிமிர்வது நாய்க்குப் பெரிய மாற்றம்.

எஸ்டேட்டிலிருந்து வந்த செவலை நாய் ஒன்றை இப்படித்தான் பழக்கினேன். வெகுநாள் வரை அறையின் பாதியைத் தாண்டி வரவேயில்லை. பிறகு ஒருநாள் கறியைத் தின்றுவிட்டு வந்து என் செருப்பை மோந்து பார்த்தது. அப்போதும் கையை நீட்டவில்லை. மோந்து பார்ப்பது விசாரணை, தொடச் சொல்லும் அழைப்பு அல்ல.

படி 5: தொடுதல்

நாயே வந்து உடம்பை உங்கள் மேல் சாய்க்கும்போது தொடங்குங்கள். தலைக்கு மேலே கை போகக்கூடாது. மோவாய்க்குக் கீழே அல்லது நெஞ்சில், 3 நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் கிட்டே வந்தால் மறுபடி 3 நொடி. முகத்தைத் திருப்பினாலோ உடம்பை உதறிக்கொண்டு நகர்ந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பது வேண்டாம். பழகிய பிறகும் பல நாய்களுக்கு அது பிடிப்பதில்லை.

படி 6: வெளியே போவது

வீட்டுக்குள் உங்களோடு நிம்மதியான பிறகு போதும். பயந்த நாய் கழுத்துப்பட்டையைப் பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓடிவிடும். அதனால் நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் ஒரு கயிறு, கழுத்துப்பட்டையில் ஒரு கயிறு என்று இரண்டு போடுங்கள். விடியற்காலை, தெருவில் பால்காரரும் வாசல் தெளிப்பவர்களும் மட்டும் இருக்கும் நேரம் நல்லது. கோடையில் சேலத்துத் தார்ரோடு வெயில் ஏறியதும் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதாலும் காலைதான் சரி. ஏற்காட்டில் கொண்டை ஊசி வளைவுச் சாலையோரம் நடத்தாதீர்கள். லாரி ஹாரன் ஒன்றே போதும், நாய் பள்ளத்தில் பாய்ந்துவிடும். எஸ்டேட் பாதையில் நீளக் கயிற்றோடு போங்கள், காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

எதிரில் ஆளோ வேறு நாயோ வந்தால் வரிசை முக்கியம். முதலில் ஆள் தெரியவேண்டும், பிறகு கறி வரவேண்டும். ஆள் மறைந்ததும் கறியும் நிற்கவேண்டும். முன்கூட்டியே கறியைக் கொடுத்தால், கறி வந்தாலே ஏதோ ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். கறியைக் கண்டும் தின்னவில்லை என்றால் மிகவும் கிட்டே வந்துவிட்டீர்கள். பேசாமல் திரும்பி நடங்கள்.

படி 7: வீட்டுக்கு வருபவர்கள்

தண்ணீர் கேன் போடுபவர், சிலிண்டர் கொண்டுவருபவர், கூரியர் தம்பி: மணி அடித்ததும் நாய் அறைக்குள், கதவு சாத்தியபடி, உள்ளே ஒரு எலும்புப் பொம்மை. "அண்ணா, கேனை வாசல்லயே வெச்சிருங்க, நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டில் "நாய் இருக்கிறது" என்று ஒரு பலகையும் தொங்கட்டும்.

பயப்படுகிற விருந்தாளியால் தொல்லை இல்லை, அவரே ஒதுங்கி உட்காருவார். "நாய்ன்னா எனக்கு உசுரு, விடு கண்ணு, என்னைய ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கையை நீட்டும் மாமாதான் கடி வாங்குவார். அவர் மனம் கோணினாலும் பரவாயில்லை, உறுதியாகத் தடுத்துவிடுங்கள். குழந்தைகளையும் இந்த நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

கடிக்கும் வாய்ப்பு இருந்தால், கூடை போன்ற வாய்மூடியைப் பழக்கிவையுங்கள். உள்ளே தயிர் தடவி, அதுவே மூக்கை நுழைத்து நக்கவிட்டு, பல நாட்களுக்குப் பிறகுதான் வாரை மாட்டவேண்டும். வாயை இறுக்கும் துணி வகை வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. சேலத்து வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

ஆடியும் தீபாவளியும்

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, குகையில் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலம், மேளம், வேட்டு. பிறகு தீபாவளி. அந்த நாட்களில் புதிதாக எதையும் பழக்காதீர்கள். சன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, நாயை உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள், ஆறுதல் கொடுத்தால் பயம் வளரும் என்பது உண்மையல்ல. விழா முடிந்தபின் பழைய தூரத்துக்கே திரும்பியிருக்கும். நீங்களும் படி 4-க்குத் திரும்புங்கள். இரண்டாவது முறை நாய் சீக்கிரமே கிட்டே வரும்.

மருத்துவர் உதவி

தோலைக் கிழிக்கும்படி கடித்தாலோ, பல வாரங்களாகியும் மூலையைவிட்டு வராமல் இருந்தாலோ, மருந்து தேவைப்படலாம். ஃபுளூவாக்ஸ்டின் போன்ற, மனப் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் நாய்களுக்கும் எழுதுகிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருந்து பயத்தைக் கொஞ்சம் இறக்கும், அந்த இடைவெளியில் மேலே சொன்ன பயிற்சி வேலை செய்யும். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது, வீட்டில் அது உறுமும் விதத்தைத் தூரத்திலிருந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி மேசையில் பயத்தில் உறைந்து நிற்கும் நாயைப் பார்த்து மருத்துவரால் வீட்டு நிலவரத்தைக் கணிக்க முடியாது. எப்போது, யாரிடம், எவ்வளவு தூரத்தில் உறுமியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதையும் கையோடு கொடுங்கள்.