நுண்பிளாஸ்டிக்: எண்ணும்போதும் தடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒருவர், ஆற்று நீரில் கிடைத்த நீல இழைகளை நுண்பிளாஸ்டிக், அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துண்டுகள், என்று நுண்ணோக்கியில் ஆர்வமாக எண்ணிக்கொண்டிருந்தார். அவர் அணிந்திருந்த பாலியெஸ்டர் சட்டையும் அதே நீலம். எனக்குப் பதறிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் பெருமிதத்தோடு எண்ணினேன்.

குப்பியில் தேதி எழுத மறப்பது, மூடியைத் தொலைப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளாங்க் (மாதிரி இல்லாத வெற்றுச் சோதனை) வைக்காமல் எண்ணுவது

இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது. மூன்று மாதம் வாரந்தோறும் படகில் போய் நீர் எடுத்தேன். வடிகட்டி, காயவைத்து, இழை இழையாக எண்ணினேன். எங்கு பார்த்தாலும் நீல இழை. ஆற்றோட்டத்தில் தொழிற்சாலைக்கு மேலேயும் அதே அளவு, கீழேயும் அதே அளவு. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூத்த ஆய்வாளர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பிளாங்க்ல எத்தனை வந்துச்சு?" நான் பிளாங்க் வைக்கவே இல்லை. குளிருக்காகப் போட்டுக்கொண்ட செயற்கை இழை மேலங்கியிலிருந்து ஒரு நூலைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறமும் தடிமனும் அப்படியே ஒத்திருந்தன. ஆற்றின் இழை எது, என் இழை எது என்று பிரிக்க வழியில்லை. அத்தனை மாதிரிகளையும் ஒதுக்கிவிட்டோம்.

பிளாங்க் வைப்பது கடினமே இல்லை. நன்கு வடிகட்டிய தூய நீரை எடுத்து, மாதிரிக்குச் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அதற்கும் செய்யுங்கள்: அதே மேசை, அதே வகை வடிதாள், அதே நேரம். அதில் 12 இழையும் ஆற்று நீரில் 15 இழையும் வந்தால், ஆற்றில் 15 என்று எழுத நமக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்தது மூன்று வையுங்கள். நீர் எடுக்கும் இடத்திலும் ஒரு குப்பியைத் திறந்து வையுங்கள், ஏனென்றால் காற்றிலிருந்தும் இழை விழும். பருத்தி உடை அணியுங்கள். அதுவும் எளிதில் அடையாளம் தெரியும் நிறமாக இருக்கட்டும். கண்ணாடி அல்லது எஃகுப் பாத்திரம், வடிகட்டிய கரைசல்கள், மூடிவைக்க அலுமினியத் தாள் போதும். பிளாங்கில் வந்த எண்ணை அறிக்கையிலும் எழுதுங்கள். வைத்துவிட்டு மறைப்பது இன்னும் மோசம்.

சமையல் உப்பை மட்டும் நம்புவது

வண்டலிலிருந்து பிளாஸ்டிக்கை மிதக்கவைக்க உப்புக் கரைசல் மலிவானது. ஆனால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிராம்தான். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். 1.38 அடர்த்தியுள்ள பெட் (குடிநீர் பாட்டில் பிளாஸ்டிக்) அடியில் கிடக்கும், குழாய் செய்யும் பிவிசியும் அப்படியே. அடியில் கிடப்பதைப் பார்க்காமல் 'பிவிசி இல்லை' என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகக் குளோரைடு கரைசலை 1.5-க்கு மேலும் அடர்த்தியாக்கலாம். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வடிகட்டி மீண்டும் பயன்படுத்துங்கள், கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள்.

வலைக்கண் அளவை எழுதாதது

நீரை வடிக்கும் வலையின் கண் 333 மைக்ரோமீட்டர் என்றால், அதில் மெல்லிய இழைகள் நழுவிப்போகும். அளவை எழுதாத எண்ணிக்கையை எதோடும் ஒப்பிட முடியாது.

அடர் நைட்ரிக் அமிலம்

மாதிரியில் உள்ள பாசி, இலைத் துணுக்கு போன்றவற்றைக் கரைக்க இதை ஊற்றினால் நைலானும் அழிந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறுங்கள்.

கண்பார்வையே போதும் என்பது

சாயம் ஏறிய பருத்தி இழையும் பிளாஸ்டிக் போலவே மினுங்கும். ஒரு பகுதியையாவது எந்தப் பொருள் என்று ஒளியைக் கொண்டு காட்டும் அகச்சிவப்பு நிறமாலையிலோ ராமன் நிறமாலையிலோ உறுதிப்படுத்துங்கள்.

சுத்திகரிப்பு நிலையத்தோடு முடிந்தது என்று நினைப்பது

நன்றாக இயங்கும் கழிவுநீர் நிலையம் நுண்பிளாஸ்டிக்கில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடும். பிடித்தது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பகுதி கசடில் தங்குகிறது. அந்தக் கசடை உரமாக வயலில் கொட்டினால் ஆற்றுக்குப் போகாதது மண்ணுக்குப் போகிறது. அதனால்தான் டயர் தேய்மானம், செயற்கைத் துணி, தொழிற்சாலையில் சிந்தும் பிளாஸ்டிக் குருணை ஆகிய ஊற்றுகளிலேயே கைவைக்க வேண்டும் என்கிறேன். தானே உதிரும் என்று விற்கப்படும் ஆக்சோ வகைப் பைகளை நம்பாதீர்கள். அவை சிறு துண்டுகளாகின்றன, அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடுக்க 2019-இல் சட்டம் செய்தது.

வீட்டில் துணியைக் குளிர்ந்த நீரில், இயந்திரம் நிறையப் போட்டுத் துவையுங்கள். முடிந்தால் இழை வடிகட்டி பொருத்துங்கள். அதில் சேரும் பஞ்சை விரலால் வழித்துக் குப்பையில் போடுங்கள். பலர் அதைக் குழாயடியில் அலசுகிறார்கள்; பிடித்த இழை முழுவதும் அப்படியே சாக்கடைக்குப் போய்விடுகிறது.