பள்ளிக்கூடம் திறக்கும் முன் தெருவில் ஒரு நடை

2021 நவம்பர் 1, திங்கள்கிழமை. கொரோனாவுக்காக மூடி ஏறத்தாழ 19 மாதங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்த நாள். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அப்போது நான் தலைமை ஆசிரியை. பதிவேட்டில் 112 பெயர்கள். ஐந்து ஆசிரியர்கள், ஐந்து அறைகள். ஓர் அறைக்கு 20 பேர்தான் என்பதால் பாதிப் பேரை, அதாவது 56 பேரை, அன்று வரச் சொல்லியிருந்தோம். வந்தது 33. வாசலில் வாழைமரம் கட்டி, வந்தவர்களுக்குப் பூவும் மிட்டாயும் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டோம். வராத 23 பேரைப் பற்றி நான் உருப்படியாக யோசித்தது தீபாவளி விடுமுறையில்தான்.

இப்போது தலைமை ஆசிரியராகியிருக்கும் என் பழைய சக ஆசிரியை, மறுபடி ஒரு தொற்று வந்து பள்ளியை மூடித் திறக்க நேர்ந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டார். அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

திறக்கும் தேதி தெரிந்த அன்றே பதிவேட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். அறையைக் கழுவுவதெல்லாம் பிறகு. எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பெயர் இருப்பதால் பிள்ளை ஊரில் இருப்பதாக அர்த்தமில்லை. எங்கள் பட்டியலில் இருந்த ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளூரில்தான் இருந்தாள், ஆனால் வரவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் அவள் அம்மா சொன்னார்: சீருடை போதவில்லை, இறுக்கிப் பிடிக்கிறது, சொல்லவும் வெட்கம். ஒன்றரை வருடத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எந்த உடையிலும் வரலாம், செருப்பு இல்லாமலும் வரலாம் என்று ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிடுங்கள். நாங்கள் அறிவித்த அடுத்த நாளே நான்கு பேர் கூடுதலாக வந்தார்கள்.

தனியார் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் இருப்பார்கள். பழைய பள்ளியில் கட்டணப் பாக்கி, மாற்றுச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்பார்கள். அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. சேர்த்துக்கொண்டு பிறகு தாளைத் தேடலாம்.

நடந்து போகும்போதே இன்னொன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா. எங்களிடம் அப்பாவை இழந்த அக்காவும் தம்பியும் இருந்தார்கள். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் என்று அரசு 2021 மே மாதமே அறிவித்திருந்தது. அந்த அம்மாவுக்கு மனு எங்கே கொடுப்பது என்றுகூடத் தெரியவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று சொல்லி, கூடவே போய் வந்தோம். முதல் வாரத்தில் 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார்.

இனி, பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள் என்று வரும் சுழற்சி முறை. இதில் நான் செய்த தவறை விவரமாகச் சொல்ல வேண்டும்.

வருகை எண்ணை வைத்து ஒற்றைப்படை ஒரு நாள், இரட்டைப்படை ஒரு நாள் என்று பிரித்தால் ஒரே வீட்டு அக்காவுக்கும் தம்பிக்கும் வேறு வேறு நாள் வரும். நவம்பரில் சம்பா வயலில் களையெடுப்பு. அம்மா வேலைக்குப் போய்விடுவார். தம்பிக்குப் பள்ளி இல்லாத நாளில் அக்கா அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பாள். இதை முன்பே யோசித்துவிட்டேன் என்ற பெருமையோடு தெருவாரியாகப் பிரித்தேன். மேலத்தெரு, கீழத்தெரு பிள்ளைகள் திங்கள், புதன், வெள்ளி. காலனிப் பிள்ளைகள் மற்ற மூன்று நாள். முதல் வாரம் முடிவதற்குள் காலனியிலிருந்து ஒரு பாட்டி வந்தார். "ஏன் டீச்சர், அவர்கள் உட்கார்ந்த பலகையில் எங்கள் பிள்ளைகள் உட்காரக்கூடாது என்றா இப்படி?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. 27 வருடம் பாடம் நடத்திய எனக்கு, தெருவாரியாகப் பிரித்தால் நம் ஊர்களில் அது சாதிவாரியாகப் பிரித்ததுதான் என்று தோன்றியிருக்க வேண்டாமா? அன்று மாலையே பட்டியலைக் கிழித்துவிட்டு, குடும்பத்தை ஒரு அலகாக வைத்து, எல்லாத் தெருக் குடும்பங்களையும் இரண்டு குழுவிலும் கலந்து எழுதினேன். அக்கா தம்பி ஒரே நாளில், தெருக்கள் கலந்து. ஒரு மணி நேர வேலை. நீங்கள் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

கிருமிக்கு வருவோம். அது மேசையைத் தொட்டுப் பரவியதைவிடக் காற்றில்தான் அதிகம் பரவியது. ஆனாலும் நாங்கள் தினமும் பலகைகளைத் துடைத்துத் துடைத்துப் பிளீச்சிங் பவுடர் வாசத்தில் தலைவலி வாங்கினோம்; ஜன்னல்களை மறந்தோம். ஐந்து அறைகளில் ஏழு ஜன்னல்கள் துருப்பிடித்துத் திறக்கவில்லை. ஒன்றில் குளவிக்கூடு, இரண்டை மறைத்து பீரோ. தச்சரை அழைத்து எல்லாவற்றையும் திறக்க வையுங்கள். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டு திறந்தால்தான் காற்று ஓடும். மூடிய அறையில் மின்விசிறி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும். மழை நாளில் சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மூடி, தாழ்வாரப் பக்கத்தைத் திறந்தே வையுங்கள். அந்த நவம்பரில் காவிரி டெல்டாவில் பெய்த மழைக்குப் பள்ளி நடந்த நாட்களைவிட விடுமுறை விட்ட நாட்கள்தான் நினைவில் நிற்கின்றன.

வெப்பமானியை வாசலில் நின்று நெற்றியில் காட்டாதீர்கள். வெயிலில் நடந்து வந்த பிள்ளைக்கு அது காய்ச்சல் என்றுதான் சொல்லும். பத்து நிமிடம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துப் பிறகு பாருங்கள். முகக்கவசத்தில் அவரவர் பெயரின் முதல் எழுத்தை நூலால் தைக்கச் சொல்லுங்கள். நிறம் பிடித்திருந்தால் மாற்றிக்கொள்வார்கள், பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியை ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லிக் கழுவிக் குளோரின் கலக்கச் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குள் முதலில் ஒரு பெரியவர் கம்போடு போய் வரட்டும். எங்கள் பள்ளியில் சாரை ஒன்று குடியிருந்தது.

முகக்கவசம் கழலும் நேரம் சாப்பாட்டு நேரம். ஆகவே சத்துணவை அறைக்குள் போடாமல் தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் இரண்டு பந்தியாகப் போடுங்கள். நாள்பட்ட அரிசியில் வண்டு இருக்கிறதா என்று அமைப்பாளரோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். முதல் பந்தி சிறியவர்களுக்கு.

யாருக்காவது காய்ச்சல் என்றால் பெற்றோரை அழைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். பெயரை மட்டும் வெளியே விடாதீர்கள். இவனால்தான் வகுப்பை மூடினார்கள் என்று ஒரு முறை பேச்சு கிளம்பிவிட்டால், அடுத்த வீட்டில் பாராசிட்டமால் மாத்திரை கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் கிடையாது.

பாடத்தைப் பற்றிச் சுருக்கமாக. அந்த வருடம் இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததே இல்லை. "நீங்கள்தான் போனில் வருகிற டீச்சரா?" என்று ஒருவன் என் கையைத் தொட்டுப் பார்த்தான். ஒன்று, இரண்டு ஆகிய இரு வகுப்புகளையும் புதிய சேர்க்கையாகவே நடத்துங்கள்: குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, மணி அடித்தால் என்ன என்பதிலிருந்து. மற்றவர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகளுக்குக் கேட்காத இடத்தில். ஐந்தாம் வகுப்பில் ஆறு பேருக்கு எழுத்துக்கூட்டவும் வரவில்லை. தினம் இரண்டு பாடவேளை வகுப்பை மறந்துவிட்டு, வாசிப்பு நிலையை வைத்துக் குழுவாக உட்கார வைத்தோம். மாலையில் ஊரிலேயே பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலர்களிடம் அதே பட்டியலைக் கொடுத்தோம். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஒமைக்ரான் வந்து 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தபோது எல்லோரையும் தினமும் வரவழைத்தோம். அப்போதுதான் முழுநாள் என்பதன் பாரம் தெரிந்தது. சாப்பிட்டதும் தூங்கிப் பழகியவர்கள் இரண்டு மணிக்குப் பலகையிலேயே சாய்ந்தார்கள். தட்டி எழுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் மதிய முதல் பாடவேளையில் சிறியவர்களுக்குப் பாய், பெரியவர்களுக்குக் கதைப் புத்தகம். மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பத்துப் பத்து நிமிடமாகக் குறைத்தோம். மாத முடிவில் நான்கு மணி வரை விழித்திருந்தார்கள். ஆசிரியர்களும்தான்.

அதற்குப் பிறகும் திங்கள்தோறும் வராதவர் பட்டியலோடு நடையை நான் விடவில்லை. ஒரு சின்ன வழி: பதிவேட்டில் அப்பாவின் எண்ணோடு தாய்மாமன் எண்ணையும் எழுதி வையுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் வீட்டு எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். மாமா எண் மாறாது. திருப்பூருக்குப் போன குடும்பத்தின் ஏழாம் வகுப்புப் பையனை அப்படித்தான் பிடித்தேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். மாமாவோடு நான்கு முறை பேசினேன், அவன் அம்மாவோடு இரண்டு முறை. 2022 ஜூனில், பள்ளி திறந்து ஒன்பதாம் நாள், மாமாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தான்.