சிஸ்டம் ஆன் ஆகவில்லையா? பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

கம்ப்யூட்டர் திடீரென்று உயிர் பெறாமல் நின்றால் உடனே வரும் பயம் ‘மதர்போர்டு போச்சு’ என்பதுதான். உண்மையில் மதர்போர்டு கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பாகம். மின்சாரம் சுவரிலிருந்து உள்ளே போகும் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போங்கள். எந்தப் பாகத்துக்கு என்ன வேலை என்பது அப்படியே புரிந்துவிடும். சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் தெளிவாகும். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சாதாரண மல்டிமீட்டர், காய்ந்த பெயின்ட் பிரஷ், வெள்ளை ரப்பர் இருந்தால் போதும்.

பிளக்கும் எர்த்தும்

கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறதா? பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, வீட்டில் எர்த் இல்லை. கேபினட்டுக்குள் பவர் கேபிள் போய்ச் சேரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதன் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அங்கே கசியும் துளி மின்சாரம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உங்களுக்குச் சுர்ரென்பதோடு முடியும். ஆனால் அதே நிலையில் டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் போர்ட் போய்விடலாம். எர்த் சரியாகும்வரை எந்தக் கேபிளையும் இரண்டு பக்கமும் ஆஃப் செய்துவிட்டுச் சொருகுங்கள்.

சோதிக்க, மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட்டில் வையுங்கள். மூன்று துளை சாக்கெட்டில் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 அளவில் வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். 230-க்கு வெகுவாகக் கீழே ஆடினால் எர்த் அறுந்திருக்கிறது. பழைய அடுக்குமாடிகளில் எர்த் ஒயர் சாக்கெட் வரை வந்தும் கீழே பூமிக்குப் போகாமலே இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள்ளாகப் பயன்படுத்துவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் சிஸ்டத்தை ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரண்ட் போகும் நொடியில் எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் தாங்குவது ஏறக்குறைய 16 மில்லி செகண்ட்தான். பல இன்வெர்ட்டர்களில் பின்புறம் ‘யுபிஎஸ்’ என்றொரு சுவிட்ச் நிலை உண்டு. அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகாது. அந்த நிலை இல்லையென்றால் தனி யுபிஎஸ் வேண்டும். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். சிஸ்டம், மானிட்டர், ரவுட்டர் மூன்றுக்கும் அது போதும், கேமிங் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் போதாது. உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கரண்ட் போனதும் உடனே கூவி அணைந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், புது யுபிஎஸ் தேவையில்லை. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகவே கூடாது. தாளைச் சூடாக்கும் நேரத்தில் அது எண்ணூறு, ஆயிரம் வாட் என்று இழுக்கும், யுபிஎஸ் தாங்காது.

இடி மழைக்காலத்தில் மின்சாரம் நுழையும் இன்னொரு வாசல் லேன் கேபிள். மாடி வழியாகச் செம்புக் கம்பியில் இன்டர்நெட் வந்தால் மின்னல் அதிர்ச்சி ரவுட்டரையும் மதர்போர்டின் லேன் போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஃபைபரில் வந்தால் அந்த வழி அடைபடும், கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனாலும் மோடத்தின் அடாப்டர் பிளக்கில்தானே இருக்கிறது. இடி இடிக்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்

230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றுவதுதான் இதன் வேலை. பட்டனை அழுத்தினால் விசிறிகூடச் சுழலவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல். பவர் கார்டை மாற்றிப் பார்த்துவிட்டு இப்படிச் சோதியுங்கள். கரண்டை நிறுத்தி, மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரையும் பிராசஸருக்குப் போகும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் கழற்றுங்கள். 24 பின்னில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான். அந்தத் துளையையும் பக்கத்திலுள்ள ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். பிறகு கரண்ட் போட்டால் எஸ்எம்பிஎஸ் விசிறி சுழல வேண்டும். சில உயர்ரக மாடல்களில் சுமை இல்லாமல் விசிறி சுற்றாது. அதனால் மீட்டரையும் வையுங்கள்: மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் நடுவே 11.4 முதல் 12.6, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25. இந்த எல்லைக்கு வெளியே போனால் மாற்ற வேண்டியதுதான். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் மாடலில் குத்துமதிப்பாகச் சொருகாதீர்கள், கடையில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான டெஸ்டர் வைத்துப் பார்த்துத் தருவார்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. கரண்டை எடுத்த பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

இங்கேதான் மதர்போர்டு மேல் வீண் பழி விழுகிறது. முக்கால்வாசி நேரம் ரேம், அதாவது மதர்போர்டில் சொருகும் தற்காலிக நினைவக அட்டை, சரியாக உட்காரவில்லை. கடற்காற்று படும் திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கம் இது இன்னும் அடிக்கடி நடக்கும். உப்பும் ஈரமும் தொடர்புமுனைகளில் படிந்துகொள்ளும்.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். கேபினட் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிற முனைகளை வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகள் ஒன்றும் ஒட்டாமல் தட்டிவிடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரைவிட அது நல்லது. திரும்பச் சொருகும்போது ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் வழக்கமான தவறு. அப்போதும் படம் வரவில்லையென்றால் ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து, ஸ்லாட் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் நடுவெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது. லேப்டாப் ரேம் நீளத்தில் குட்டை, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதாக இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் என்பது பொதுவான முறை. டிடிஆர்5 போட்ட புது சிஸ்டம் முதல்முறை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும். ரேமை அது அளந்து பழகும் நேரம் அது, பொறுத்திருங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள், மதர்போர்டு போர்ட்டில் இருக்கக் கூடாது. தேதி 2015, 2018 என்று பின்னோக்கிப் போய், வங்கித் தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி அது.

மெதுவாக ஓடினால்

பழைய சிஸ்டத்துக்கு ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் அது எஸ்எஸ்டிதான். ஹார்டு டிஸ்கில் தட்டு சுழன்று, முனை நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும். எம்.2 வடிவில் வரும் என்விஎம்இ அதைப் போலப் பல மடங்கு. ஆனால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவில் சாட்டா இணைப்பு முறையும் உண்டு, என்விஎம்இ முறையும் உண்டு, இரண்டையும் எல்லா ஸ்லாட்டும் ஏற்காது. மதர்போர்டு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஹார்டு டிஸ்கின் உடல்நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5 வரிகளில் பூஜ்யம் அல்லாத எண் இருந்து, அது வாராவாரம் ஏறினால் அன்றைக்கே படங்களையும் கோப்புகளையும் வேறிடம் நகலெடுங்கள். தகவல் போகும் வழியில் நேரும் பிழைகளைக் காட்டும் சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, சாட்டா கேபிளை மாற்றுங்கள். 1 டிபி வாங்கினால் 931 ஜிபி காட்டுவது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் மெதுவாகிறது என்றால் காரணம் சூடு. பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிராசஸரின் மேலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இடுக்கில் அடைத்த தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். புளோயர் அடிப்பதானால் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேரிங் கெடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டுக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாம், பட்டாணி அளவு போதும். ஏஎம்4 வகை சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள ஏஎம்டி சிஸ்டத்தில் கூலரை நேராகப் பிடுங்காதீர்கள். சிஸ்டத்தைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் கூடவே வந்தால் பின்கள் வளைந்துவிடும்.

வெளியே சொருகுபவை

ஒயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறதா? மவுஸோடு வரும் குட்டி ரிசீவரான டாங்கிளை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து எடுத்து, தள்ளியிருக்கும் கறுப்புப் போர்ட்டில் போடுங்கள். யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும். பென்டிரைவ் மலிவாகக் கிடைத்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவும் எழுதிப் பாருங்கள். போலிகள் 512 ஜிபி என்று காட்டிவிட்டு, கொஞ்சம் நிரம்பியதும் பழைய கோப்பின் மேலேயே எழுதும். தமிழ் தட்டச்சுக்கு எழுத்து அச்சடித்த கீபோர்டு தேவையில்லை. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் எந்தக் கீபோர்டிலும் வேலை செய்யும்.

இங்க் பிரிண்டர் வாங்கினால் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட் காய்ந்து அடைக்கும். மாதம் நாலைந்து கறுப்பு வெள்ளைப் பக்கம் மட்டும் எடுப்பவருக்கு லேசர்தான் சரி, டோனர் பொடி காயாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேப்பர் சிக்கிக்கொண்டே இருந்தால் பிரிண்டரைத் திட்ட வேண்டாம். தாள் ஈரம் குடித்திருக்கிறது. தட்டில் இருபது தாள் மட்டும் வைத்து, மிச்சத்தை உறையோடு மூடி வையுங்கள்.

ரிச்சி தெருவில் பழைய சிஸ்டம் வாங்குகிறவர்கள் பிராசஸர் எந்தத் தலைமுறை என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற இன்டெலில் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பெயரில் ஐ5 என்று மட்டும் சொல்வார்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 6500 என்றால் 6-ஆம் தலைமுறை, 8500 என்றால் 8. அந்த எண்ணையும் பாகங்களின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சீரியல் எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்க முடியாது.