பீட்சா கடை வாசலில் நின்று ஒரு படத்தைப் படிப்பது எப்படி?

சமூகவியல் முதலாண்டு மாணவர்களுக்குத் தவறாமல் வரும் வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. ஏதாவது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, ‘அடையாளம்’, ‘சமூக நிறுவனம்’ என்ற இரண்டு கருத்துகளை வைத்து அலச வேண்டும். முக்கால்வாசிப் பேர் மூன்று பக்கம் கதைச் சுருக்கம் எழுதி, ‘இப்படம் சமூக ஏற்றத்தாழ்வைத் தோலுரித்துக் காட்டுகிறது’ என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். ‘எந்த ஏற்றத்தாழ்வு? எந்தக் காட்சியில்?’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்புறம் நான் பழகிக்கொண்ட வழி இது. எடுத்துக்காட்டுக்கு மணிகண்டன் இயக்கி 2015இல் திரைக்கு வந்த ‘காக்கா முட்டை’யை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு குடிசைப் பகுதி. அப்பா சிறையில் இருக்கிறார். அம்மாவும் ஆயாவும் வளர்க்கும் இரண்டு பையன்கள், தண்டவாளத்தில் சிந்தும் கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். 299 ரூபாய் பீட்சாவை ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. கதையைப் பற்றி இதற்கு மேல் எழுதாதீர்கள்.

முதல் படி: இரண்டு முறை பாருங்கள்

முதல் முறை சும்மா பாருங்கள்; சிரிப்பு வந்தால் சிரியுங்கள். இரண்டாம் முறை நோட்டின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் திரையில் தெரிவதை மட்டும் எழுதுங்கள். ‘காவலாளி பையன்களை வாசலிலேயே விரட்டுகிறார்’ என்பது இடப்பக்கம். ‘ஏழைகளை மதிப்பதில்லை’ என்பது உங்கள் கருத்து, அது வலப்பக்கம். இரண்டும் கலந்துவிட்டால் கட்டுரை புலம்பலாகிவிடும்.

இரண்டாம் படி: ‘நீ யார்’ என்று யார் சொல்கிறார்கள்?

அடையாளம் என்றால் ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பது மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று ஊகித்து, அந்த ஊகத்தை வைத்தே நம்மைப் பற்றிய எண்ணத்தை உருவாக்கிக்கொள்கிறோம் என்று சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் எழுதினார். பிறர் முகத்தைக் கண்ணாடியாக வைத்துப் பார்த்துக்கொள்வது போல.

இந்தக் கண்ணாடியைப் படத்தில் தேடுங்கள். பெயரிலேயே கிடைக்கும். கோழி முட்டை வாங்க வழியில்லாமல் காக்கா முட்டை குடிக்கிற பையன்கள் என்பதால் பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை. வறுமையே பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள அவர்கள் கூசுவதில்லை. எனவே ‘இழிவுப் பெயர்’ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு காட்சி. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வசதியான வீட்டுப் பையன், தான் தின்று மீந்த பீட்சாவைக் கொடுக்க வருகிறான். சின்னவனுக்கு வாய் ஊறுகிறது. பெரியவன் வேண்டாம் என்கிறான். எச்சிலை வாங்கிச் சாப்பிட்டால் பீட்சா ருசி தெரிந்துவிடும், ஆனால் தான் யார் என்பது மாறிவிடும். காசு கொடுத்து வாங்கினால் வாடிக்கையாளன், மீந்ததை வாங்கினால் வேறு யாரோ. அடையாளத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத இந்த ஒரு காட்சியே போதும்.

மூன்றாம் படி: நிறுவனங்களைப் பட்டியல் போடுங்கள்

‘நிறுவனம்’ என்றதும் ஏசி அலுவலகம் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, தமிழ்ச் சொல் செய்யும் வேலை அது. சமூகவியலில் அதற்குப் பொருள், தலைமுறை தாண்டி நிலைத்துவிட்ட விதிகளும் பழக்கங்களும்: குடும்பம், சந்தை, அரசு, சட்டம், ஊடகம், பள்ளி. இந்தப் படத்தில் பள்ளி பெரும்பாலும் இல்லாமலே இருக்கிறது. இல்லாததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலோடு நிற்காமல், ஒரு பொருளைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். நான் டிவியைப் பின்தொடர்ந்தேன். அந்த வீட்டுக்கு வருவது அரசு இலவசமாகக் கொடுக்கும் டிவி. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, வென்றபின் செயல்படுத்திய திட்டம் நினைவிருக்கும். அந்த டிவியில்தான் பீட்சா விளம்பரம் ஓடுகிறது. அரசு கொடுத்த பெட்டி வழியாகச் சந்தை குடிசைக்குள் வந்து ஆசையை விதைக்கிறது. அந்த ஆசைக்கு வேண்டிய 299 ரூபாயை அரசும் கொடுப்பதில்லை, சந்தையும் கொடுப்பதில்லை. பையன்கள் விளையாடிய, காக்கா கூடு கட்டியிருந்த மரம் நின்ற இடத்தில் கடை எழும்புகிறது. சிம்பு தன் சொந்தப் பெயரிலேயே வந்து திறந்துவைக்கிறார். அரசு, சந்தை, சினிமா மூன்றும் ஒரே தெருவில் சந்தித்துக்கொள்கின்றன.

நான்காம் படி: வாசலில் நில்லுங்கள்

இதுதான் முக்கியமான படி. அடையாளத்துக்கு ஒரு பத்தி, நிறுவனத்துக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக எழுதினால் கட்டுரை ஒட்டாது. இரண்டும் மோதும் இடம் எது என்று கேளுங்கள். பெரும்பாலான படங்களில் அது ஒரு கதவாகவோ கவுண்டராகவோ கேட்டாகவோ இருக்கும்.

பையன்கள் காசு சேர்த்துக்கொண்டு போகிறார்கள், காவலாளி விடவில்லை. சரி, உடைதான் காரணம் என்று நினைத்து, அரும்பாடுபட்டுப் புதுச் சட்டை தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி போகிறார்கள். இந்த முறை கன்னத்தில் அறை விழுகிறது. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் அன்றாட வாழ்க்கையை நாடக மேடையோடு ஒப்பிட்டவர். உடை, பேச்சு, நடை எல்லாம் நாம் கட்டும் வேஷம். பையன்கள் வேஷத்தைச் சரியாகவே கட்டினார்கள். ஆனாலும் எடுபடவில்லை. ஏன்? சட்டையை மாற்றலாம், அந்தத் தெருவில் அவர்களை ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கும் கண்களை மாற்ற முடியாது. 1963இல் வந்த தன் நூலில் கோஃப்மன் ‘களங்கம்’ என்று பெயரிட்டது இதைத்தான். குறிப்பிட்ட ஒருவர் மீது சமூகம் ஒட்டும் முத்திரை அது, அவரைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாசலில் தடுக்கும் காவலாளியும் சம்பளக்காரர்தான், கடைக்குள் உட்கார்ந்து பீட்சா தின்கிறவர் போல் தெரியவில்லை. வில்லனைத் தேடுவதை விட்டுவிட்டு விதியைத் தேடச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: உங்கள் வாதத்துக்கு இடைஞ்சலான காட்சியைத் தேடுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. அடித்த காட்சி மொபைலில் பதிவாகி ஊடகத்துக்குப் போனபின் நிலைமை தலைகீழாகிறது. கடைக்காரர்களே அவர்களை ஆரவாரமாக வரவேற்கிறார்கள். ‘நிறுவனங்கள் ஒடுக்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே ஊடகம் என்ற நிறுவனம் சந்தை என்ற நிறுவனத்தை வளைக்கிறது. கடைக்காரர் பயந்தது நற்பெயர் கெடும் என்று. மரியாதை கிடைத்தது, அதற்கான காரணம் பையன்கள் கையில் இல்லை.

கடைசியில் பீட்சாவைத் தின்றுவிட்டு, ஆயா தோசை மாவில் செய்துகொடுத்ததே தேவலை என்கிறார்கள். ருசி பிறவியில் வருவதில்லை, வர்க்கத்தோடு பழகி வருவது என்பது பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் வாதம். அவர் சொன்னதோடு இந்தக் காட்சி ஒத்துப்போகிறதா, அல்லது ‘ஏழைக்குத் தோசை போதும்’ என்று ஆறுதல் சொல்லி நழுவுகிறதா? எனக்கு இரண்டாவது சந்தேகம் இன்னும் இருக்கிறது. வர்க்கத்தைப் பேசுகிற அளவுக்குப் படம் சாதியைப் பேசுவதில்லை என்பதையும் தைரியமாக எழுதலாம். பிடித்த படம் என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: எழுதுங்கள்

ஒரு பத்திக்கு ஒரு வாதம், ஒரு காட்சி, ஒரு கருத்து. மாதிரிக்கு ஒன்று:

“புதுச் சட்டை போட்டும் பையன்கள் கடைக்குள் போக முடியவில்லை. காசும் உடையும் இருந்தால் யாரும் வாடிக்கையாளர் ஆகலாம் என்பது சந்தை சொல்லிக்கொள்ளும் விதி. வாசலில் நடப்பது வேறு. கோஃப்மன் சொல்லும் களங்கம், சட்டையை மாற்றினாலும் போவதில்லை.”

நான்கு பத்திகள் இப்படி எழுதினால் கட்டுரை தயார். கதைச் சுருக்கத்தை முன்னால் ஒட்ட வேண்டும் என்று கை அரிக்கும். ஐந்து வரிக்கு மேல் போகவிடாதீர்கள்.