போட்டி மிகுந்த சென்னையில் மறுவிற்பனை வீடு வாங்குவது எப்படி: வீடு பார்க்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

மடிப்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்பே ஐந்து குடும்பங்கள் மாடிப்படியில் நின்றிருந்தன. வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுப் பெரியவர்களிடம் கலந்து பேசிவிட்டு மறுநாள் மாலை அழைத்தபோது, முந்தைய இரவே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டதாக உரிமையாளர் வருத்தத்தோடு சொன்னார். பதினான்கு மாதத் தேடலில் இப்படி நான்கு வீடுகள் எங்கள் கையைவிட்டுப் போயின. அந்த நான்குக்கும் முன்பணம் கொடுத்தவர்கள் எங்களைவிட அதிக விலை சொன்னவர்கள் அல்ல என்பதும், எங்களுக்கு முன்பே தயாராக இருந்தவர்கள்தான் என்பதும் பிறகுதான் புரிந்தது.

வீடு வாங்கும் வேலைகளில் நாள் பிடிப்பவை இரண்டு வகை. பணம் புரட்டுவது, கடன் தகுதியை உறுதி செய்வது, வழக்கறிஞரைத் தேடிப் பிடிப்பது போன்றவற்றை எந்த வீடு என்று தெரியாமலேயே முடித்துவிடலாம். பத்திரங்களைப் படிப்பதையும் வில்லங்கம் (சொத்தின் மீது பதிவான கடன், உரிமை மாற்றங்கள்) பார்ப்பதையும் வீடு தெரிந்த பிறகுதான் செய்ய முடியும். பெரும்பாலானோர் முதல் வகையையும் வீடு பிடித்த பிறகே தொடங்குகிறார்கள். அதனால் ஏற்படும் தாமதத்தை ஈடுகட்ட இரண்டாம் வகையைச் சுருக்கிவிடுகிறார்கள். இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

கையில் உண்மையில் எவ்வளவு இருக்க வேண்டும்

80 லட்சம் ரூபாய் விலையுள்ள பழைய அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் வங்கி கொடுக்கலாம். ஆகவே அதிகபட்சக் கடன் 64 லட்சம். மீதி 16 லட்சம் உங்களுடையது. இதோடு கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிப் பலர் தேடலைத் தொடங்கி, பின்னர் தவிக்கிறார்கள். தமிழ்நாட்டில் மறுவிற்பனைக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. அரசு நிர்ணயித்துள்ள வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மீது இவை கணக்கிடப்படும். 80 லட்சத்துக்கு இதுவே 7 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது. வழக்கமான வீட்டுக் கடனில் இந்தச் செலவுக்கு இடமில்லை. தரகுக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், வங்கியின் செயல்முறைக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தால் கையில் குறைந்தது 25 லட்சம் இருக்க வேண்டும்.

இன்னொரு பள்ளமும் உண்டு. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், நீங்கள் பேசிய விலையைவிடக் குறைவாக வீட்டை மதிப்பிடக்கூடும். கட்டடம் பழையதாக இருந்தால் இது அடிக்கடி நடக்கிறது. 80 லட்சத்துக்குப் பேசிய வீட்டை 72 லட்சம் என்று அவர் மதிப்பிட்டால், கடன் 57 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்துவிடும். துண்டு விழும் 6 லட்சத்து 40 ஆயிரத்தை நீங்கள்தான் தேட வேண்டும். நகையாகவோ வைப்புநிதியாகவோ ஒரு கையிருப்பை இதற்கென ஒதுக்கி வைக்காமல் விலை பேசாதீர்கள்.

சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கொடுத்தால், வீடு எது என்று முடிவாகும் முன்பே தகுதி அடிப்படையிலான கடன் ஒப்புதலைப் பல வங்கிகள் தருகின்றன. அதை வாங்கி வைத்திருப்பவரிடம் உரிமையாளர் பேசும் விதமே வேறு. சொத்துப் பத்திரங்களைப் பார்த்துப் பழகிய ஒரு வழக்கறிஞரை இதே காலத்தில் தேடி, கட்டணத்தைப் பேசி, ஆவணங்கள் கிடைத்த மூன்று நாளில் கருத்துரை தர முடியுமா என்று கேட்டு வையுங்கள். விற்பவரோ தரகரோ பரிந்துரைக்கும் வழக்கறிஞர் வேண்டாம்.

எதைத் தேடுவது, எப்போது தேடுவது

அடுக்குமாடி வீட்டில் நாளாக ஆகக் கட்டடத்தின் மதிப்பு குறையும். நிலைத்து நிற்பது நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்குதான். தரகர்கள் அதை யூ.டி.எஸ். என்பார்கள். இரண்டு கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடி நிலத்தில் ஒரே அளவிலான எட்டு வீடுகள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடி கிடைக்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் 420 என்று இருந்தால், மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். விளம்பரத்தில் வரும் சதுர அடி பெரும்பாலும் படிக்கட்டு, நடைபாதை எல்லாவற்றையும் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கு. ஆகவே இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது உள்ளே புழங்கும் பரப்பையும் நிலப்பங்கையும் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். 1200 சதுர அடி என்று விளம்பரமான வீட்டைவிட 1050 சதுர அடி வீட்டில் புழங்கும் இடம் கூடுதலாக இருந்ததை நாங்களே அளந்து பார்த்திருக்கிறோம்.

தண்ணீர் விஷயத்தில் உரிமையாளரின் வாய்மொழியை மட்டும் நம்பக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் கேளுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நிலைமை மாறுகிறது. ஊர்ப்பெயரை வைத்து ஒதுக்குவதும் ஏற்பதும் தவறு. அதேபோல 2019 கோடையில் அந்தக் கட்டடம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கியது என்று அண்டை வீட்டாரிடம் விசாரித்தால், ஆழ்துளைக் கிணற்றின் நிலை தெரிந்துவிடும்.

போட்டியைக் குறைக்கும் வழி ஒன்று நம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் பெரும்பாலும் சொத்து வாங்குவதில்லை. தையிலும் சித்திரையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் தர வேண்டிய அளவுக்குக் கூட்டம் நெரிகிறது. ஆகவே நம்பிக்கை உள்ளவர்கள்கூட ஆடியில் வீடு பார்த்து, விலை பேசி, ஆவணங்களைச் சரிபார்த்து வைத்துக்கொண்டு, முன்பணத்தையும் பதிவையும் ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். தெற்குப் பார்த்த வாசல் என்பதற்காகவே பலர் உள்ளே வராமல் திரும்பிப் போகும் வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டில் அதற்கு மறுப்பு இல்லையென்றால், பேரம் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வீடு பிடித்த பிறகு, முதல் மூன்று நாள்

பிடித்துவிட்டது என்று தெரிந்த அன்றே, கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய உரிமை மாற்றங்களைக் காட்டும் தாய்ப்பத்திரங்கள், அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடம், பணிநிறைவுச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். முன்பணம் கொடுத்தால்தான் நகல் காட்ட முடியும் என்பவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. நகல் வருவதற்குள்ளேயே பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே பார்த்துவிடலாம். வழக்கறிஞருக்கு முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றாவது வேண்டும்.

வில்லங்கச் சான்றில் கடன் பதிவு இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. விற்பவர் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்த பதிவு அதில் இருக்கும். கடன் அடைந்துவிட்டது என்று அவர் சொன்னால், அதற்கான ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், வில்லங்கச் சான்றில் வராதவற்றை நினைவில் வைத்திருப்பது. பதிவு செய்யப்படாத ஏற்பாடுகள், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள பல வழக்குகள், பத்திரமே எழுதாமல் வாரிசுரிமையால் வந்து சேர்ந்த பங்குகள் ஆகியவை அதில் தெரியாமல் போகலாம்.

நகரின் பழைய பகுதிகளில் வாரிசுப் பங்குதான் பெரிய சிக்கல். நாங்கள் விலை பேசிய வீடுகளில் ஒன்று மேற்கு மாம்பலத்தில் இருந்தது. உரிமையாளர் காலமாகிவிட்டார், அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் கையெழுத்திடத் தயாராக இருந்தார்கள். எங்கள் வழக்கறிஞர் வாரிசுச் சான்றைப் பார்த்துவிட்டு, காலமானவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்தாரா என்று கேட்டார். இருந்திருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாயும் மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. மகனுக்குப் பின் அந்தத் தாயும் காலமாகிவிட்டால், அவருடைய பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது, அந்த வீட்டில் காலமானவரின் தங்கைகள் இருவருக்கும் பங்கு இருந்தது; அது அவர்களுக்கே தெரியாது. அந்தக் குடும்பம் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் நாங்கள் அவசரப்பட்டிருந்தால், பத்தாண்டுகள் கழித்து ஒரு வழக்கு எங்கள் வாசலுக்கு வந்திருக்கும். மகள்களுக்குத் திருமணத்தின்போதே சீர் செய்து அனுப்பிவிட்டோம், கையெழுத்து எதற்கு என்று சொல்லும் குடும்பங்களும் இருக்கின்றன. சட்டத்தில் அந்தச் சீருக்கும் பங்குக்கும் தொடர்பில்லை. மகள்களின் கையெழுத்தும் கட்டாயம் வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவருக்காக அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) வைத்து ஒருவர் விற்க வந்தால், அது இன்றும் நடப்பில் இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக் காணொளி அழைப்பிலாவது பார்த்து உறுதி செய்யுங்கள். வரைபடத்தில் இல்லாத தளத்திலுள்ள வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

முன்பணம்

போட்டிச் சந்தையில் தரகர் முதலில் கேட்பது டோக்கன் அட்வான்ஸ்தான். இன்னும் இரண்டு பேர் பணத்தோடு நிற்கிறார்கள் என்று அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆவணங்களைப் பார்க்கும் முன் பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், நீங்கள் இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையை வங்கி வழியாக மட்டும் செலுத்தி, ஒரு பக்க ரசீது வாங்குங்கள். அதில் வீட்டின் விவரம், பேசி முடித்த மொத்த விலை, வழக்கறிஞரின் கருத்துரை சரியில்லை என்றாலோ வங்கி கடன் மறுத்தாலோ எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பது, அதுவரை வேறு யாருக்கும் வீட்டைக் காட்டுவதில்லை என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும். பத்திரத்தில் பெயருள்ள எல்லா உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும். கருத்துரை கையில் வந்த பிறகே கிரய ஒப்பந்தம் போட்டுப் பெரிய தொகையைக் கொடுங்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பத்து ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் காப்பாகாது.

விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பார்கள். நான் இதில் தயக்கமின்றிச் சொல்வேன்: மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதோடு, பத்திரத்தில் தொகை குறைந்தால் உங்கள் கடனும் குறையும்; நாளை நீங்கள் விற்கும்போது அந்த ரொக்கத்தை வாங்கிய விலையாகக் காட்டவும் முடியாது. 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்தில் வாங்குபவரே 1 விழுக்காடு வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதை விலை பேசும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டால், பதிவு நாளில் வாக்குவாதம் வராது. விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவரானால் இந்த 1 விழுக்காடு பொருந்தாது. பிடிக்க வேண்டிய வரி மிக அதிகம், ஆகவே கணக்காளரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

கைவிட்டுப் போன வீடு

இத்தனையும் செய்தும் சில வீடுகள் போகும். இரவு தூக்கம் வராமல், இன்னும் இரண்டு லட்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமோ என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நோகும் நாட்கள் எங்கள் வீட்டிலும் இருந்தன. அந்தக் கோபத்தோடு அடுத்த வீட்டுக்குப் போனால் அளவுக்கு மீறி விலை சொல்லிவிடுவோம். அதனால் உச்ச விலையை வீடு பார்க்கும் முன்பே எழுதி வைத்து, இருவரும் ஒப்புக்கொள்ளாமல் அதை மாற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

கைவிட்டுப் போன வீட்டின் உரிமையாளரை வருத்தமில்லாமல் வாழ்த்தி, பேச்சு முறிந்தால் தங்கள் அழைப்பை எதிர்பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முன்பணம் கொடுத்தவருக்குக் கடன் கிடைக்காமலோ மதிப்பீடு குறைந்தோ முறியும் பேரங்கள் பல. நான்காவதாக நாங்கள் இழந்த குரோம்பேட்டை வீட்டின் உரிமையாளர், ஆறாவது வாரத்தில் அவராகவே அழைத்தார். வழக்கறிஞரின் கருத்துரை ஏற்கெனவே எங்கள் கோப்பில் இருந்தது. வில்லங்கத்தை மட்டும் அன்றைய தேதிவரை மறுபடி பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே கிரய ஒப்பந்தத்துக்குத் தேதி குறித்தோம்.