ஆற்று நீரிலும் அரித்த பாய்லர் குழாய்

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. பாய்லர் குழாய்கள் அடிக்கடி ஓட்டை விழுந்தன. "தாமிரபரணித் தண்ணில உப்பே கிடையாது, குழாய்தான் மட்டம்" என்றார் முதலாளி அண்ணாச்சி.

வெட்டியெடுத்த குழாயில் சுண்ணாம்புப் படிவு இல்லைதான். ஆனால் உள்ளே அம்மைத் தழும்பு போல ஆழமான குழிகள். அது ஆக்சிஜன் வேலை. உப்பு குறைந்த நீரில் படிவு குறையும், அரிப்பு நிற்காது. பச்சைத் தண்ணீரில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். சூடாக்கினால் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

நெல் உலர்த்தும் டிரையரிலிருந்து சாக்கடைக்குப் போன சுடுநீரை, பாய்லருக்கு நீர் தரும் ஊட்டுநீர்த் தொட்டிக்குத் திருப்பி, நீராவியும் விட்டு 85 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். சூடான நீரைப் பம்பு சரியாக இழுக்காது. அதனால் தொட்டியை உயரத்தில் ஏற்றினோம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிச்ச ஆக்சிஜனுக்கு, அதோடு சேர்ந்து அதை நீக்கும் சோடியம் சல்ஃபைட் என்ற உப்பு, ஆக்சிஜன் 1 பங்குக்குச் சுமார் 8 பங்கு. பாய்லர் நீரின் பிஎச் (அமில, கார அளவு) காரப் பக்கமாக 11-ஐ ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

அப்புறம், எடைபோட்ட இரும்புத் துண்டு ஒன்றை ஊட்டுநீர்க் குழாயில் பொருத்தினேன். மாதாமாதம் கழற்றித் துடைத்து எடைபோட்டால் அரிப்பின் வேகம் தெரிந்துவிடும். எடை இழப்பு நன்றாகக் குறைந்தது, புதிய குழிகளும் இல்லை. சீசன் முடிந்து நிறுத்தும்போது பாய்லரை அரைகுறை நீரோடு விடாமல், சல்ஃபைட் கலந்து முழுக்க நிரப்பி மூடுகிறோம்.