ஒப்பந்தக்காரர்கள் நிறுவனப் பணத்தைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டு ஒப்பந்த வேலைக்கு வருபவர்களின் முதலாண்டுக் கணக்குகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி அமைகிறது. ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளே அவற்றில் வேறு தேதிகளில் வரிசைகட்டி நிற்கின்றன. தனி வங்கிக் கணக்கு தொடங்குவது, ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரிடாமல் பணம் எடுத்தல்

நிறுவனக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்கிற்குப் பணத்தை மாற்றிவிட்டு, அது எந்த வகைப் பணம் என்பதை ஆண்டு முடிவில் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. பங்குகள் முழுவதும் உங்களிடமே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் நிறுவனம் வேறொரு நபர். அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சாலமன் என்ற காலணி வணிகரின் நிறுவனம் தொடர்பான வழக்கில் 1896-இல் உறுதிசெய்த இக்கொள்கை, பல நாடுகளின் நிறுவனச் சட்டங்களுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. அந்த நபரிடமிருந்து உங்களுக்குப் பணம் வருவதற்குப் பெரும்பாலும் நான்கு வழிகளே உண்டு. சம்பளம் என்றால், பல நாடுகளில் கொடுக்கும்போதே வரி பிடிக்க வேண்டும். ஈவுத்தொகை, அதாவது பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு என்றால், லாபமும் வேண்டும், முறையான தீர்மானமும் வேண்டும். நீங்கள் கைப்பணம் போட்டுச் செய்த அலுவல் செலவை ஈடுகட்டுவது என்றால் பில் வேண்டும். இம்மூன்றில் எதிலும் அடங்காத தொகை, நிறுவனத்திடம் நீங்கள் வாங்கிய கடனாகிவிடும்.

மென்பொருள் ஒப்பந்தத்தில் இருந்த இளைஞர் ஒருவருக்கு வாடிக்கையாளர் மூன்று மாத இன்வாய்ஸ்களுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பினார். இருப்பைப் பார்த்த மகிழ்ச்சியில் அதன் பெரும்பகுதியை அவர் வீட்டுக் கணக்கிற்கு மாற்றினார். விவரம் எழுதும் இடத்தில் ‘பணம்’ என்று மட்டும் இருந்தது. அடுத்தடுத்த மாதங்களிலும் அதே சொல்லோடு தொகைகள் வெளியேறின. ஆண்டு இறுதியில் அனைத்தையும் ஈவுத்தொகையாகக் காட்டச் சொன்னார். ஆனால் வரிக்கு ஒதுக்க வேண்டியதைக் கழித்துப் பார்த்தால் அவ்வளவு லாபம் இல்லை. முன்தேதியிட்டுத் தீர்மானம் எழுத ஆடிட்டர் மறுத்தார்; மறுத்ததுதான் முறை. மொத்தமும் அவர் பெயரில் கடனாக ஏறியது, பணமோ வீட்டில் செலவாகியிருந்தது. இத்தகைய கடனை உரிமையாளரின் வருமானமாகவே கருதி வரி விதிக்கும் நாடுகளும் உண்டு. நிறுவனம் நொடித்துப்போனால், கடன் கொடுத்தவர்கள் சார்பில் கணக்கைப் புரட்டுபவர் இந்தக் கைமாற்றைத் திருப்பிக் கேட்பார். இரு பணமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால், நிறுவனத்தின் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்து பொறுப்பாகாது என்ற பாதுகாப்பையே விலக்கி அதைத் தொட அனுமதிக்கும் நீதிமன்றங்களும் உள்ளன.

ஆகவே பணத்தை மாற்றும் அந்த நேரத்திலேயே ‘மார்ச் சம்பளம்’ என்றோ ‘ரயில் கட்டணம், பில் 14’ என்றோ எழுதிவிடுங்கள். எழுதுவதற்குச் சொல் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தொகையை எடுக்காதீர்கள்.

விற்பனை வரியை வருமானமாக எண்ணுதல்

100-க்கு வேலை செய்து, அதன்மேல் 20 வரியாக வாங்கினால், அந்த 20 அரசுக்குப் போய்ச் சேரும்வரை உங்களிடம் தங்கியிருக்கும் பணம். வந்த அன்றே அதை வேறொரு சேமிப்புக் கணக்கிற்கு மாற்றிவிட்டால், இருப்பு உங்களை ஏமாற்றாது.

இணையக் கடைகளில் நிறுவன அட்டையைச் சேமித்துவைத்தல்

அழித்துவிடுங்கள்.

சொந்தப் பணத்தைக் குறிப்பில்லாமல் உள்ளே போடுதல்

இன்வாய்ஸ் பணம் தாமதமாகும் மாதத்தில், சந்தாக்களும் காப்பீடும் நின்றுவிடக் கூடாதே என்று பலரும் தம் சேமிப்பிலிருந்து நிறுவனக் கணக்கில் பணம் போடுகிறார்கள். அது தவறன்று. ஆனால் ‘உரிமையாளர் கொடுத்த கடன்’ என்று பதியாமல் விட்டால், கணக்கு எழுதுபவர் அதை வாடிக்கையாளர் வரவோடு சேர்த்துவிடக்கூடும். ஏற்கெனவே வரி கட்டிய உங்கள் சொந்தப் பணத்திற்கு நிறுவனம் மீண்டும் வரி கட்டும். பதிந்துவைத்திருந்தால், கை நிறைந்த மாதத்தில் அதே தொகையைக் கடன் திருப்பமாக எடுத்துக்கொள்ளலாம். பொதுவாக அதற்கு வருமான வரி கிடையாது.